பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உம்ரா போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் என் சாச்சி (சித்தி) மகள், மக்காவுக்குப் போய் நிறைவேற்றும் உம்ரா வணக்கத்துக்கான தன் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "காக்கா (அண்ணா), ஒருமுறை பாருங்களேன்" என்றாள். கூடப் போவது மாமனார், மாமியார், ஆறு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாகப் பிள்ளைகள். முதல் நாளுக்கு நேராக எழுதியிருந்தது: "மாலை ஜித்தா. இரவு 11 மணி மக்கா, அறை, உடனே உம்ரா." எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் என் வாப்பாவுக்காக நான் ஒத்துக்கொண்ட திட்டம் அப்படியே இதுதான். பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள், விசா நகல் எடுத்து வையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இறங்கிய இரவே உம்ரா

அன்றைக்கு நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது பின்னிரவில், தஹஜ்ஜுத் நேரத்தில். விமானம், இமிக்ரேஷன் வரிசை, பேருந்துக்காகக் காத்திருப்பு எல்லாம் முடிந்து மக்காவில் அறைக்குள் நுழையும்போது இரவு 11 தாண்டிவிட்டது. வாப்பாவுக்கு 72 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் பாதிதான் சாப்பிட்டிருந்தார். என் சின்ன மகளுக்கு நாலு வயது. குழுவைக் கூட்டிவந்தவர் கதவைத் தட்டி, "பையைப் போட்டுட்டு கீழே வாங்க, உம்ராவை முடிச்சிட்டா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். எல்லோரும் போனார்கள், நாங்களும் போனோம்.

கீழே மதாஃபில் (கஅபாவைச் சுற்றி வரும் முற்றத்தில்) நெரிசல் என்று எங்களை மேல்தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கஅபாவை ஒட்டிச் சுற்றுவதும் மேலே சுற்றுவதும் ஒன்றல்ல. மேலே வட்டம் பெரிது, ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீளும். ஐந்தாவது சுற்றில் வாப்பா ஓதுவதை நிறுத்தியிருந்தார். களைப்பு என்றுதான் நினைத்தேன். தோளைத் தொட்டால், அந்தக் குளிரிலும் இஹ்ராமுக்காக உடுத்தியிருந்த தையலில்லாத துணி வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. பேரீச்சம்பழம், பிஸ்கட், குளுக்கோஸ் எல்லாம் இருந்த பை அறையில் கட்டில் மேல் கிடந்தது. தூணோரம் உட்காரவைத்து நான் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நிற்க, எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒரு மூதாட்டி குனிந்து, கொட்டை எடுத்த இரண்டு பேரீச்சம்பழங்களை வாப்பாவின் வாயில் வைத்தார். அவருக்காக இன்றும் துஆ செய்கிறேன்.

விடியற்காலை ஸுப்ஹு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் உம்ரா நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மறுநாள் வாப்பாவுக்குக் காய்ச்சல். மக்காவில் எங்களுக்கு இருந்தது ஆறு நாள். அதில் நாலு நாள் அறைக்குள் படுத்தபடி பாங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து வந்த மனிதர். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அன்றிரவே போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தூங்கினால் இஹ்ராம் (உம்ராவுக்காக ஏற்கும் கட்டுப்பாட்டு நிலை) முறியாது. சாப்பிடலாம், வாசனை சோப்பு இல்லாமல் குளிக்கலாம், துணி அழுக்கானால் வேறு இஹ்ராம் துணி மாற்றலாம். தடுக்கப்பட்டவற்றைத் தவிர்த்துக்கொண்டு இரவு தூங்கி எழுந்து, காலை உணவு சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போனால் அதே உம்ராதான். "முடிச்சிட்டா" என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. உம்ரா முடித்துத் தள்ளவேண்டிய வேலை இல்லை.

தவாஃப் (கஅபாவை ஏழுமுறை சுற்றுவது) முடிந்ததும் அதே மூச்சில் ஸஃயீக்கு (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழுமுறை நடப்பது) ஓடவேண்டியதும் இல்லை. ஜம்ஜம் தண்ணீர் குடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் கூடும். ஒளு (கை, முகம், கால் கழுவும் தூய்மை) தவாஃபுக்குத்தான் அவசியம், ஸஃயீக்கு இருந்தால் நல்லது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வயதானவர்கள் கழிப்பறைக்கும் மர்வாவுக்கும் இடையில் படும் பாடு கொஞ்சமில்லை.

முடிந்தால் மதீனாவுக்கு முதலில் போகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். இஹ்ராம் இல்லாமல் இறங்கலாம், நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியைச் சுற்றி நிலம் சமதளம், மூன்று நாலு நாளில் பிள்ளைகளின் தூக்கமும் ஒழுங்குக்கு வந்துவிடும். அப்புறம் மதீனாவிலிருந்து வருபவர்களின் மீக்காத்தான (இஹ்ராம் எல்லையான) துல்ஹுலைஃபாவில் இஹ்ராம். ஹரமைன் ரயிலில் மக்கா இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ரயில் மீக்காத்தில் நிற்காது, அதனால் அறையிலேயே குளித்து இஹ்ராம் உடுத்தி, மீக்காத்தைக் கடக்கும் முன் நிய்யத் (உம்ராவுக்கான எண்ணம்) வைத்துவிட வேண்டும். உம்மாவை நான் அப்படித்தான் கூட்டிப்போனேன்.

சக்கர நாற்காலியைக் கடைசியில் தேடுவது

"நடக்கிற வரைக்கும் நடக்கிறேன்" என்பார்கள். பெரியவர்களின் இந்தப் பேச்சுக்கு மனமிரங்கி விட்டுவிடாதீர்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை என்றால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர், அதுவும் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு. நாலாவது நடையில் கால் ஓய்ந்தபின் நாற்காலியைத் தேடி நீங்கள் வெளியே ஓடினால் அவர்களோடு யார் நிற்பது? முதல் அடியிலிருந்தே உட்காரவையுங்கள். நன்மை குறைந்துவிடுமோ என்று உம்மா தயங்கியபோது, உடல்நலமில்லாத உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம், மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதைச் சொன்னேன். புகாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. ஸஃயீ செய்யும் இடத்தின் நடுவில் நாற்காலிகளுக்கென்றே தனிப்பாதை இருக்கிறது.

"ஹரமுக்கு 300 மீட்டர்"

ஹரம் என்னும் மக்காவின் பெரிய பள்ளிவாசலுக்கு அவ்வளவுதான் தூரம் என்று விடுதிக்காரர்கள் சொல்வார்கள். எதுவரைக்கும் 300? பெரும்பாலும் வெளிமுற்றத்தின் ஓரம் வரைக்கும். அங்கிருந்து மதாஃப் போய்ச்சேர இன்னொரு நடை இருக்கிறது. மக்கா மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. அஜ்யாத் பக்கமெல்லாம் சில தெருக்கள் நல்ல ஏற்றம். போகும்போது இறக்கம் சுகமாக இருக்கும், இஷா (இரவுத் தொழுகை) முடிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போதுதான் தெரியும். தூரத்தை மட்டும் கேட்காதீர்கள். ஏற்றமா சமதளமா, லிஃப்ட் எத்தனை என்றும் கேளுங்கள். தொழுகை நேரத்தில் லிஃப்டுக்காக மட்டுமே அரைமணி நின்றிருக்கிறோம்.

ஹஜருல் அஸ்வதை நெருங்குவது

கஅபாவின் மூலையில் உள்ள அந்தக் கருங்கல்லை நெருங்குவது பிள்ளையோடும் முதியவரோடும் வேண்டாம். கையால் சைகை போதும்.

"தொலைந்தால் கடிகாரக் கோபுரத்துக்குக் கீழே"

ஹரமுக்கு எதிரே உள்ள அந்தக் கோபுரத்தடியில்தான் எல்லாரும் நிற்பார்கள். ஹரமின் வாசல் எண்ணைச் சொல்லிப் பழக்குங்கள். மன்னர் ஃபஹத் வாசல் என்றால் 79. பிள்ளையின் கையில் சவூதி சிம் எண் எழுதிய பட்டை கட்டுங்கள், தினமும் கிளம்பும் முன் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். ஸஃயீயில் பச்சை விளக்கு எரியும் பகுதியில் ஆண்கள் விரைந்து ஓடுவார்கள். பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் வாப்பா ஓடவேண்டாம், ஓடுவது சுன்னத்துதான், கட்டாயம் இல்லை.

வாசனையுள்ள ஈரத்துடைப்பான்

பிள்ளைக்காக வாங்குவது உங்கள் கையில்தான் ஒட்டும். இஹ்ராமில் இருக்கிறீர்கள், வாசனை கூடாது. வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

குளிர்ந்த ஜம்ஜம்

குளிரூட்டாத கலன்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து கொடுங்கள்.

தடுப்பூசி

மூளைக்காய்ச்சல் ஊசி, மக்கா சேர்வதற்கு 10 நாளாவது முன்னால்.

ரவ்ளாவுக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் பதிவது

சவூதி அரசின் நுஸுக் செயலியில் முன்பதிவு இல்லாமல் மஸ்ஜிதுன் நபவிக்குள் உள்ள ரவ்ளா என்னும் சிறப்பிடத்துக்குள் விடமாட்டார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு வேறு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரம் கிடைத்து, ஆண்களுக்கும் அதை ஒட்டியே கிடைத்தால், இரண்டு வயதுப் பிள்ளை யாரிடம் இருக்கும்? சாச்சி மகளின் திட்டத்தில் இதுவும் அப்படித்தான் இருந்தது. அவளை ஒரு நாள், கணவரை மறுநாள் என்று மாற்றிப் பதியச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் வரியை மட்டும் நானே அழித்துவிட்டு, "அறை, சாப்பாடு, தூக்கம்" என்று எழுதி அனுப்பினேன்.