சுப முடிவு ஒட்டவில்லையா? நடுவில் தேடுங்கள்

காதல் கதையின் சுப முடிவு செயற்கையாகத் தெரிந்தால் கடைசி அத்தியாயத்தைத் திருத்திப் பயனில்லை. பழுது பெரும்பாலும் நடுவில் இருக்கும். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலில் 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் காதலைச் சொல்லி மூக்குடைபடுவது 34இல். நீ பண்பாளனாக நடந்துகொள்ளவில்லை என்ற எலிசபெத்தின் குத்தல் அவனை அரிக்கிறது. பிறகு, ஓடிப்போன அவள் தங்கைக்குக் கைக்காசு செலவழித்துத் திருமணம் முடித்துவைக்கிறான்; அதை எலிசபெத்திடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் இரண்டாவது முறை மனம் திறக்கிறான்.

உங்கள் நாயகனும் நாயகியின் கண்ணுக்குப் படாமல் ஏதாவது இழக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டில், இரண்டு சொட்டுக் கண்ணீர், உடனே முகூர்த்தம் என்றால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.