ராப் மெட்டல் பேண்டு ஆரம்பிக்கிற தம்பிங்க பண்ற தப்பு

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பசங்க இப்ப ராப் மெட்டல் வாசிக்கிறாங்க, அதான் மெட்டல் கித்தார் மேல ராப் பண்றது, எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா அவங்க சேந்து வாசிச்சுப் பழகுற ஜாமிங்ல போய் உக்காந்தா கித்தார் ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டேங்குது, ராப் பண்றவன் கத்துறான் கத்துறான், ஒரு வார்த்தை காதுல விழல.

ரிஃப், அதான் கித்தார்ல திரும்பத் திரும்ப வர்ற துண்டு, வார்த்தைக்கு வழி விடணும் தம்பி. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் பேண்டு 1992ல போட்ட முதல் ஆல்பத்த ஹெட்போன்ல கேளுங்க, பல இடத்துல கித்தார் ஒதுங்கிக்கும், பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும், அப்புறம்தான் மொத்தமா வந்து இறங்கும். உருமி அடிக்கிற பசங்களுக்கு இது தெரியும், பாடுறவர் வாயத் திறந்தா மேளம் தானா அடங்கிடும்ல, அதேதான்.

டிஸ்டார்ஷன, அதான் கித்தாரோட கரகரப்ப, முழுசா ஏத்தி, மிட்ட, அதான் நடு அலைவரிசைய, சுத்தமா கொறச்சிடாதீங்க. வீட்ல தனியா வாசிச்சா பயங்கரமா இருக்கும், பேண்டோட சேந்தா கித்தாரே காணாமப் போய்டும்.

டீஜே இல்லாம முடியாதுன்னு சிலர் சும்மா இருக்காங்க. லிங்கின் பார்க் பேண்டுல டீஜேவா ஜோ ஹான் இருந்தாரு, சரி. ஆனா ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் கித்தாரிஸ்ட் டாம் மொரெல்லோ, டீஜே ரெக்கார்ட தேய்க்கிற ஸ்கிராட்ச் சத்தத்த கித்தார்லயே எடுத்தவரு, கம்பி சத்தத்த பிடிக்கிற பிக்கப்புல ஒண்ணோட வால்யூம சைபர்ல வெச்சிட்டு, பிக்கப்ப மாத்துற டாகிள் சுவிட்ச தட்டிக்கிட்டே கம்பிய தேய்ப்பாரு. ரெண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் இருக்கணும், ஒரே நாப்புன்னா நடக்காது. அந்த 1992 ஆல்பத்துல சாம்பிள், கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் இல்லன்னு அட்டையிலயே எழுதியிருக்கும்!

மனசு வலிக்கிறது தமிழ்லதான். இங்கிலீஷ் ராப்போட ஃப்லோவ, அந்த ஓட்டத்த, அப்படியே எடுத்து அதுக்குள்ள தமிழ திணிக்கிறாங்க, நெடில் எல்லாம் குறிலாயிடுது. பால் மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுன பாட்டியப் பத்தி ஒரு தம்பி அவ்ளோ அழகா எழுதியிருந்தான், வேகத்துல அது 'பல் மரம்'னு கேக்குது. நெடிலுக்கு உள்ள நேரத்த குடுங்க, பீட்ட அதுக்கேத்த மாதிரி மெதுவாக்குங்க, இல்லன்னா வார்த்தைய மாத்துங்க. நம்ம மோனை வரியோட முதல் எழுத்துல விழும், அத ஓப்பனிங் அடியோட சேத்து வெச்சுப் பாருங்க, மெட்டல் ரிஃப்புக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும். நம்ம மலேசியத் தமிழ் ராப் குழு யோகி பி & நட்சத்ரா 2006ல போட்ட 'வல்லவன்' ஆல்பத்தையும் ஒருவாட்டி இந்தக் காதோட கேளுங்க.

தொண்ட எரிஞ்சா அன்னிக்கு நிறுத்திடுங்க. அடுத்த ஜாமிங்ல ஃபோன ரூமோட கடைசி மூலையில வெச்சு ரெக்கார்ட் பண்ணி, பாட்டு தெரியாத ஒரு ஆள்கிட்ட போட்டுக் காட்டுங்க, வரி புரியலன்னா மைக்க ஏத்தாதீங்க, மொதல்ல கித்தார கொறைங்க.