கோபுரக் குரலை மாற்றுகிறீர்களா? எண்களில் கவனம்

போர் விமான சிமுலேட்டர் விளையாட்டில் வரும் கட்டுப்பாட்டுக் கோபுரக் குரலை மாற்றி, தம்பியின் குரலைப் போட்டுப் பார்த்தேன். "ரன்வே... டூ... ஸீரோ" என்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது, லிஃப்ட் மாடி எண்ணைச் சொல்வதுபோல!

காரணம் எளிது. இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் முழு வாக்கியமாகப் பதிவாவதில்லை. சிறு சிறு ஒலிக்கோப்புகளை விளையாட்டே அந்தந்த நேரத்தில் கோக்கிறது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில் பேசவைத்து, முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள். முக்கால்வாசி வேலை இதுதான். உச்சரிப்பும் முக்கியம்: விமானிகளின் வானொலிப் பேச்சில் 3 'ட்ரீ', 5 'ஃபைஃப்', 9 'நைனர்'.

பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வடிகட்டினால் வானொலித் தொனி வந்துவிடும். விளையாட்டே அதைச் சேர்க்கிறதென்றால் இதை விட்டுவிடுங்கள். இரட்டிப்பானால் ஒன்றும் புரியாது.

கோப்பின் பெயர், வடிவம், சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு) மூன்றும் மூலத்தைப் போலவே இருக்கட்டும். மூலக்கோப்புகளை முதலில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் புதிய கோப்புகளுக்கும் ஒரு நகல் இருக்கட்டும், அப்டேட் வந்தால் உங்கள் மாற்றம் அழிந்துபோகலாம். கோப்புகளைச் சரிபார்க்கும் ஆன்லைன் சர்வர்கள் மாற்றிய விளையாட்டை உள்ளே விடாது.

பதிவுக்குத் துணி அலமாரியே நல்ல ஸ்டூடியோ. ஏர்கானை அணைத்துவிடுங்கள். எங்கள் வீவக அடுக்குமாடி வீடு சிங்கப்பூரின் சுவா சூ காங்கில். பகலில் பக்கத்துத் தெங்கா விமானப்படைத் தளத்து நிஜ விமானங்கள் உறுமுவதால், இரவில்தான் பதிவு.