அரசு வெப்சைட்டுல மாற்றுத்திறனாளிகள் முட்டிக்கிட்டு நிக்கற எடங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்ப எந்த அரசு வெப்சைட்டத் தொறந்தாலும் மேல ஓரத்துல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா எழுத்து பெருசாகும், பின்னாடி கருப்பாகும். அத வச்சதோட வேல முடிஞ்சதுன்னு ஆபீஸ்ல நெனச்சுக்கிடுதாங்க, மொத தப்பு அதுதான். பார்வை சுத்தமா இல்லாதவரு, திரையில இருக்கத வாய்விட்டுப் படிக்குத ஸ்க்ரீன் ரீடர்ங்கற சாஃப்ட்வேர் வச்சுதான் நெட்டு பாக்காரு, கம்ப்யூட்டர்ல என்விடிஏ, ஆண்ட்ராய்டு போன்ல டாக்பேக், ரெண்டுமே இலவசம். அவருக்கு எழுத்து பெருசானா என்ன, சின்னதானா என்ன? எங்க சாஃப்ட்வேர சைட்டு மேல ஒட்டிட்டா போதும், எல்லா விதிக்கும் ஏத்த சைட்டாயிடும்னு விளம்பரம் பண்ணின ஆக்சசிபீங்கற கம்பெனிய 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி அமெரிக்காவோட ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2025ல உத்தரவு போட்டுச்சு. நம்ம ஊர்ல இன்னும் டெண்டர்லயே அந்தப் பட்டனத்தான் கேக்காங்க.

மாவட்ட வெப்சைட்டெல்லாம் மத்திய அரசோட தேசியத் தகவல் மையம் (என்ஐசி) குடுக்கற எஸ்த்ரீவாஸ்ங்கற டெம்ப்ளேட்டுல ஓடுது, அந்த டெம்ப்ளேட்ட நான் பெருசா குத்தம் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள தெனமும் ஏத்துத சமாச்சாரம் இருக்கு பாருங்க, அங்கனதான் எல்லாம் கெட்டுப் போவுது. ஒரு அறிவிப்பு எப்படி வெளிய வருதுன்னு பாருங்க. செக்ஷன்ல டைப் பண்ணுதாங்க, பிரிண்ட் எடுக்காங்க, அதிகாரி கையெழுத்து போடுதாரு, சீல் குத்துதாங்க, பெறகு அத ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்னு சைட்டுல ஏத்துதாங்க. பேருதான் பிடிஎஃப், உள்ள இருக்கது வெறும் போட்டோ. ஸ்க்ரீன் ரீடர் அதத் தொறந்துட்டு டாக்குமெண்ட் காலின்னு சொல்லிட்டு நின்னுரும். ஆனா டைப் பண்ணின மூல ஃபைலு அதே கம்ப்யூட்டர்லதான் கெடக்கு! கையெழுத்துப் போட்டத ஃபைல்ல வச்சுக்கிட்டு, மூலத்த நேரா பிடிஎஃப்பா மாத்தி ஏத்தினா முடிஞ்சுது, இல்லன்னா விஷயத்த அப்படியே பக்கத்துல எழுத்தாப் போட்டுரலாம். பழைய காயிதம் ஸ்கேன் மட்டும்தான் இருக்குன்னா, படத்துல இருக்கத நெசமான எழுத்தா மாத்துத ஓசிஆர் ஓட்டி, தப்பு இருந்தா திருத்திட்டு ஏத்தணும். வெப்சைட்டுல போடுத ஆவணம் இபப்ங்கற மின்னூல் வடிவத்துலயோ, இல்லன்னா ஓசிஆர் பண்ணின பிடிஎஃப்பாவோ இருக்கணும்னு 2017ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை விதியிலயே இருக்கு.

சரி, ஸ்கேன் பண்ணல, நேராத்தான் பிடிஎஃப் போட்டோம்னு ஒருத்தரு சொல்லுவாரு, அதுலயும் ஒரு பொறி இருக்கு. எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லாத பழைய பாமினி, வானவில் எழுத்துருல டைப் பண்ணியிருந்தா கண்ணுக்குத்தான் அது தமிழு, கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் எழுத்து. பாமினில தமிழ்னு அடிச்சிருந்தா ஸ்க்ரீன் ரீடருக்குக் கெடைக்கது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். ரெண்டு பக்க சுற்றறிக்கைய இப்படி உக்காந்து கேட்டுப் பாருங்க, தலைவலி நிச்சயம். கூகுள்ல தேடினாலும் அந்த ஃபைலு சிக்காது, அது எல்லாருக்கும் நட்டம். யூனிகோட்தான்னு தமிழ்நாடு அரசு 2010லயே ஆணை போட்டாச்சு, இருந்தாலும் பழக்கம் விட மாட்டேங்குது. இதோட ஒட்டினது இன்னொண்ணு, பக்கம் முழுக்கத் தமிழ்ல இருக்கும், ஆனா பக்கத்தோட புரோகிராம் கோடுல மொழி இங்கிலீஷ்னு குறிச்சு வச்சிருப்பாங்க, ஸ்க்ரீன் ரீடர் அத நம்பி இங்கிலீஷ் குரல்ல தமிழப் படிக்கப் பாத்து பாதிய முழுங்கிரும். ஒரு வார்த்த மாத்துத வேல, டெவலப்பருக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

படமாப் போடுத அறிவிப்பும் இதே கததான், ஆனா அதுல உசுரு விஷயமும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைய நம்ம நெல்லை, தூத்துக்குடி பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டி ஊருக்குள்ள வந்துட்டு. அந்த மாதிரி ராத்திரில பாபநாசம், மணிமுத்தாறு அணையில இருந்து எத்தன கனஅடி தொறந்திருக்கு, எந்தத் தெரு ஆளுக வெளியேறணும், எந்தப் பள்ளிக்கூடத்துல முகாம்ங்கறத ஒரு போஸ்டரா டிசைன் பண்ணி ஏத்துனா, நெல்லை கொக்கிரகுளத்துல ஆத்தோரமா இருக்க பார்வையில்லாத ஒருத்தர் போன்ல அது படம்னு மட்டும்தான் கேக்கும். போஸ்டர் போடுங்க, வேண்டாங்கல. கீழயே அதே விஷயத்த எழுத்துல போடுங்க, ஸ்க்ரீன் ரீடர் படிக்கதுக்காக படத்தோட சேக்குத மாற்று விவரத்துலயும் எழுதுங்க, அதுல போய் 'படம்1'னு ஃபைல் பேரப் போட்டு வைக்காதீங்க.

அடுத்து விண்ணப்பப் படிவம். பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தரு பார்வை இல்லாதவரு, அவரோட போன்ல ஸ்க்ரீன் ரீடர் படிக்குத வேகத்துக்கு நமக்கு ஒண்ணும் வெளங்காது, அவருக்கு கடகடன்னு ஏறும். ஒரு உதவித்தொகைக்கு நானே போடுதேன் தம்பின்னு உக்காந்தாரு. போன் சொல்லுது: எடிட் பாக்ஸ். அடுத்த கட்டம்: எடிட் பாக்ஸ். அதுக்கடுத்ததும் எடிட் பாக்ஸ். "ஏ தம்பி, இது எதக் கேக்கு, பேரயா ஆதாரயா?"ன்னு என்னயப் பாத்துக் கேக்காரு. கட்டத்துக்குப் பக்கத்துல பேருன்னு எழுத்து இருக்கத்தான் செய்யுது, ஆனா அந்த எழுத்தயும் கட்டத்தயும் புரோகிராம் கோடுல யாரும் இணைக்கல. பொறந்த தேதிக்கு காலண்டர் ஒண்ணு விரிஞ்சுது, இந்த மாசத்துல இருந்து மாசம் மாசமா பின்னாடி போணும், அம்பது வயசுக்காரரு எத்தன தடவ தட்டணும்னு நீங்களே கணக்குப் போடுங்க, தேதிய டைப் பண்ண விட்டா ஆகாதா? பெறகு கேப்சா, கோணல்மாணலா எழுத்துப் படம், கேக்கதுக்கு ஆடியோ கெடையாது. யாரயோ கேட்டு அதயும் அடிச்சு சமர்ப்பிச்சா பக்கம் புதுசாத் தொறந்து, தப்பான கட்டத்தச் சுத்தி செவப்புக் கோடு மட்டும் வந்துச்சு, போன் அதச் சொல்லல, மேல இருக்க பேனர் படத்துல இருந்து மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுது. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு லாகவுட் ஆயிட்டு.

கடைசில ஆதார் ஓடிபிய இசேவை மையத்துல முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன்கிட்டச் சொல்லித்தான் வேல நடந்துது. எனக்கு இதுதான் பெரிய கோவம். ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நாமளே விளம்பரம் பண்ணுதோம், பெறகு சொல்லாம முடியாதபடிக்கு படிவத்த வைக்கோம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் இணைக்கணும், கட்டத்துக்குள்ள மங்கலா எழுதி வச்சு டைப் பண்ண ஆரம்பிச்சதும் மறைஞ்சுபோறது லேபிள் ஆகாது. தப்ப வார்த்தையில சொல்லணும், கர்சர அந்தக் கட்டத்துக்கே கொண்டு போணும். நேரம் முடியப்போகுதுன்னா முன்னாடியே சொல்லி நீட்டிக்கதுக்கு கொறஞ்சது 20 செகண்டாவது குடுக்கணும். ஓடிபி வாங்குத படிவத்துக்கு கேப்சா எதுக்குன்னு ஒருக்கா யோசிங்க. முகத்தக் காட்டு, கண்ணச் சிமிட்டுன்னு கேட்டு ஆளு யாருன்னு ஆன்லைன்ல சரிபாக்குத இகேஒய்சி இருக்கே, ஆசிட் வீச்சுல கண்ணு பாதிச்சவங்க சிமிட்ட முடியாம நின்னதுதான் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, டிஜிட்டல் சேவை கெடைக்கது அரசியல் சாசனத்தோட 21வது பிரிவு தர்ற வாழும் உரிமையில அடக்கம்னு 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு வந்துச்சு.

மவுச கழட்டி வச்சுட்டு டேப் பட்டன், என்டர் பட்டன் மட்டும் வச்சு உங்க சைட்டுல ஒரு விண்ணப்பத்த முடிச்சுப் பாருங்க. கை நடுங்குதவங்க, கை அசைக்க முடியாதவங்க அப்படித்தான் பயன்படுத்துதாங்க. பாதி எடத்துல நீங்க எங்க நிக்கீங்கன்னே தெரியாது, ஏன்னா அழகு கெடுதுன்னு, நிக்கற எடத்தக் காட்டுத அந்த ஃபோகஸ் கட்டத்த டிசைனர் எடுத்துருப்பாரு.

காது கேக்காதவங்கள முக்காவாசிப் பேரு மறந்தே போயிருதாங்க, இத்தனைக்கும் காது கேளாதோருக்கு 19ஆம் நூற்றாண்டுலயே பள்ளிக்கூடம் வந்த ஊரு நம்ம பாளையங்கோட்ட. சந்தேகம்னா இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு போன் நம்பர் மட்டும் போட்டா அவங்க என்ன செய்வாங்க? எஸ்எம்எஸ், வாட்சப், ஈமெயில் ஏதாவது ஒண்ணு வேணும், அதப் பாத்து பதில் போடவும் ஆளு வேணும். வீடியோ போட்டா, பேசுதத எழுத்தாக் காட்டுத கேப்ஷன் போடுங்க, யூட்யூப் தானா போடுத தமிழ் கேப்ஷன அப்படியே விட்டுராதீங்க, திட்டத்தோட பேரயே மாத்திப்புடும். இன்னொண்ணு, பொறவியிலயே காது கேக்காதவங்க பலருக்கு சைகமொழிதான் மொத மொழி, தமிழு ரெண்டாவதுதான், அதனால "மேற்படி பொருள் தொடர்பாக பார்வையில் காணும் அரசாணையின்படி"ன்னு எழுதுனா அவங்களுக்கு அது மலையேறுத மாதிரி. நமக்கு மட்டும் என்ன வாழுது.

வெளுத்த சாம்பல் எழுத்து, ஓடிக்கிட்டே இருக்க அறிவிப்புப் பட்டை, மினுக்குத 'புதிது' படம், பத்து எடத்துல 'இங்கே கிளிக் செய்க', இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச தப்புதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், கொறஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், ஓடுறத நிறுத்த ஒரு பட்டன் வேணும், லிங்க்ல எங்க போகும்னு எழுதணும்.

சோதிக்கதுல நடக்க தப்பு என்னன்னா, வேவ், ஆக்ஸ் மாதிரி தப்பத் தானா தேடுத டூல ஒருக்கா ஓட்டிட்டு பச்ச வந்துட்டுன்னு கையக் கழுவிருதாங்க. படத்துக்கு விவரம் இருக்கான்னுதான் டூல் பாக்கும், அது உருப்படியான விவரமான்னு அதுக்குத் தெரியாது. நாலு பயனாளிங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, செலவுக்குக் காசும் குடுத்து, பக்கத்துல வாய மூடிக்கிட்டுப் பாருங்க. சைட்டு சரியா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கின பெறகு ஏறுத பிடிஎஃப் எல்லாத்தயும் யாரும் பாக்கது இல்ல, அதனால ஏத்துத ஊழியருக்குத்தான் மொதல்ல பயிற்சி குடுக்கணும்.

இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே, செஞ்சா செய்யலாம்னு இன்னமும் சொல்லுத அதிகாரிங்க இருக்காங்க. அரசு சைட்டுக்கான ஜிஐஜிடபிள்யூங்கற வழிகாட்டுதல் 2009ல இருந்து இருக்கு, 2023ல மூணாவது பதிப்பு வந்தாச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42 மின்னணுத் தகவலப் பத்தியே பேசுது. 2024 நவம்பர் 8ல ராஜீவ் ரதூரிங்கறவரு போட்ட வழக்குல, அணுகல் விதிகள வெறும் பரிந்துரையா வச்சது சட்டத்துக்கே முரண், கட்டாய விதி கொண்டு வாங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. சட்டத்த மீறினா பிரிவு 89படி மொத தடவ 10,000 ரூபா வரைக்கும் அபராதம், அடுத்தடுத்து 50,000ல இருந்து 5 லட்சம் வரைக்கும். மாநில அரசு சைட்டுன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும், மத்திய அரசுன்னா டெல்லியில இருக்க தலைமை ஆணையருக்கும் எழுதலாம். எழுதும்போது எந்தப் பக்கம், எந்தக் கட்டம், என்ன ஸ்க்ரீன் ரீடர், அது என்ன சொல்லுச்சுங்கறத அப்படியே எழுதுங்க, முடிஞ்சா போன் பேசுதத ரெக்கார்டு பண்ணி சேத்து அனுப்புங்க.