வருவாய்த் துறை ஆணையரைச் சட்டமன்றம் கேள்வி கேட்கும்போது: அலாஸ்காவின் நியமன அமர்வைப் பின்தொடரும் முறை

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் வருவாய்த் துறைக்கு ஓர் ஆணையரை ஆளுநர் நியமித்தால், சட்டமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் நியமனம் பெற்றவரைக் குழுவின் முன் அமர்த்தி உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த அமர்வை யாரும் நேரலையில் பார்க்கலாம். பதிவும் பிறகு இணையத்தில் கிடைக்கும். இத்தகைய அமர்வை ஒருமுறைகூடப் பார்த்திராத மாணவர்களுக்கும் இளம் செய்தியாளர்களுக்கும், எதை முதலில் படிப்பது, எங்கே காது கொடுப்பது, எதைக் குறித்துவைப்பது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அமர்வில் உண்மையாகவே சோதிக்கப்படுவது நியமனம் பெற்றவரின் வரிச்சட்ட அறிவு அன்று. பதவியில் வைத்திருக்கும் ஆளுநரின் விருப்பமும், காக்க வேண்டிய பொதுப்பணமும் எதிரெதிராக நிற்கும் நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதுதான் சோதனை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்கானவை.

படி 1: பதவி எத்தகையது என்று அறிந்துகொள்ளுங்கள்

வருவாய்த் துறை என்றதும் குடிமக்களிடம் வரி வசூலிக்கும் அலுவலகம் நம் நினைவுக்கு வரும். அலாஸ்காவில் கதை வேறு. அங்கே தனிநபர் வருமான வரியும் இல்லை, மாநில அளவிலான விற்பனை வரியும் இல்லை. 1968இல் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1977இல் மாநிலத்தின் குறுக்கே சுமார் 800 மைல் நீளமுள்ள குழாய் வழியாக அது ஓடத் தொடங்கியதும் கருவூலம் நிரம்பியது. 1980இல் வருமான வரியை நீக்கிவிட்டார்கள். ஆகவே இந்தத் துறை பெரும் வரியை வசூலிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணெய் நிறுவனங்களிடமிருந்துதான்.

துறையின் மறுபாதி, பணத்தைக் காப்பதும் பகிர்வதும். எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியை வருங்காலத் தலைமுறைகளுக்காக ஒதுக்கிவைக்க 1976இல் அரசியலமைப்பைத் திருத்தி நிரந்தர நிதியத்தை உருவாக்கினார்கள். இன்று அதன் மதிப்பு சுமார் 8,000 கோடி டாலர். அந்த நிதியத்தின் பெயரால் 1982 முதல் ஆண்டுதோறும் தகுதியுள்ள ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும், கைக்குழந்தை உட்பட, பங்குத்தொகை வழங்கப்படுகிறது. விண்ணப்பங்களைப் பரிசீலித்துப் பணம் அனுப்புவது வருவாய்த் துறையின் ஒரு பிரிவு. பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து குழந்தைப் பராமரிப்புத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் பிரிவும் இதே துறையில்தான் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நிரந்தர நிதியக் கழகத்தின் ஆறு அறங்காவலர்களில் ஒருவராக வருவாய் ஆணையர் பதவி வழியில் அமர்கிறார். ஓய்வூதிய நிதி மேலாண்மை வாரியம், வீட்டுவசதி நிதிக் கழகம், தொழில் வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றிலும் அவருக்கு இடம் உண்டு. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் திடீரென வரியிலிருந்து ஓய்வூதியத்துக்கும் அங்கிருந்து முதலீட்டுக்கும் தாவும்போது திகைக்காமல் இருக்க அது உதவும்.

படி 2: ஒரே ஒரு சட்டப் பிரிவைப் படியுங்கள்

அலாஸ்கா அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பின் 25ஆம் பிரிவு சில வரிகளே கொண்டது. துறைத் தலைவரை ஆளுநர் நியமிக்கிறார். சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூட்டு அமர்வில் கூடி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வாக்களித்து அவரை உறுதி செய்ய வேண்டும். அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆளுநர் விரும்பும் வரை மட்டுமே பதவியில் இருப்பார். கடைசிக் கூற்றுக்கு அடிக்கோடிடுங்கள். ஏற்பதற்குச் சட்டமன்றம் வேண்டும், நீக்குவதற்கு ஆளுநர் ஒருவரே போதும். வேலை நேர்காணலில் ‘முடிவெடுக்கும் துணிவு உண்டா?’ என்று கேட்பது போன்ற கேள்விகள் இங்கே அடிக்கடி எழுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

படி 3: ஆவணங்களை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்

சட்டமன்ற இணையதளத்தில் குழுவின் பெயரையும் நாளையும் தேடினால், அன்றைய கூட்டத்துக்கான ஆவணங்களுடன் நியமனம் பெற்றவரின் தன்விவரக் குறிப்பும் இருக்கும். பொதுப்பதவி வகிப்போர் தாக்கல் செய்ய வேண்டிய சொத்து மற்றும் வருமான அறிக்கை தனியாக ஓர் ஆணையத்திடம் இருக்கும். இரண்டிலும் இரண்டு செய்திகளை மட்டும் தேடினால் போதும்: எண்ணெய் நிறுவனங்களுடன் முன்பு வேலையோ பங்கோ இருந்ததா, முதலீட்டு நிறுவனங்களுடன் தொடர்பு உண்டா. எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தது குறையாகாது. அந்த வரியைப் புரிந்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்தத் தொடர்பைக் கேள்வி வரும் முன்பே தாமாகச் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

படி 4: நேரத்தைக் கணக்கிடுங்கள்

தலைநகர் ஜூனோவில் ஏப்ரல் மாதத்தில் காலை 9 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன் நடந்தால் இரவு 11.30. பிற்பகல் அமர்வுகள் நமக்குப் பின்னிரவில் வரும். அவற்றைப் பதிவில் பார்ப்பதே நல்லது. ‘கேவல் அலாஸ்கா’ என்ற பொது ஒளிபரப்புச் சேவை இவற்றை வழங்குகிறது.

படி 5: கேள்விகளை இனம் காணுங்கள்

ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரையுங்கள்: கேட்ட கேள்வி, சொன்ன பதில், சொல்லாமல் விட்டது. முதன்முறை பார்ப்பவர்கள் முதல் இரண்டை நிரப்பிவிட்டு மூன்றாவதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் மூன்றாவது பத்தியை நிரப்ப ஒரே பதிவை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு வீணாவதில்லை.

முதலில் வருவது பெரும்பாலும் வருவாய் மதிப்பீடு. துறை ஆண்டுக்கு இருமுறை, ஆண்டு இறுதியிலும் மார்ச்சை ஒட்டியும், எண்ணெய் விலை எவ்வளவு இருக்கும், எத்தனை பீப்பாய் உற்பத்தியாகும் என்று கணித்து வெளியிடுகிறது. வரவுசெலவுத் திட்டம் அந்தக் கணிப்பின் மேல்தான் நிற்கிறது. கணிப்பு உயர்ந்தால் ஆளுநர் கூடுதலாகச் செலவிட வழி பிறக்கும். எனவே ‘மதிப்பீட்டை யார் தயாரிக்கிறார்கள், வெளியாகும் முன் ஆளுநர் அலுவலகத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள், யாரேனும் எண்ணை மாற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்பவர் நல்ல கேள்வி கேட்கிறார். ‘எண்ணெய் விலை பற்றி உங்கள் கருத்து என்ன’ என்று கேட்பவருக்கு ஒரு சொற்பொழிவுதான் பதிலாகக் கிடைக்கும். இரண்டு கேள்விகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். முதலாவது ஒரு நடைமுறையைப் பிடித்து உலுக்குகிறது, அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம்.

அடுத்தது இரகசியம். தனிப்பட்ட வரி செலுத்துநரின் கணக்கை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. வரி செலுத்தும் எண்ணெய் நிறுவனங்கள் மிகச் சிலவே என்பதால், மொத்தத் தொகையைச் சொன்னாலே ஒரு நிறுவனத்தின் கணக்கு வெளிப்பட்டுவிடலாம். பிபி நிறுவனம் தன் அலாஸ்கா சொத்துகளை 2020இல் ஹில்கார்ப் நிறுவனத்துக்கு விற்று முடித்தபோது இது பெரிய விவாதமானது. ஹில்கார்ப் சில பங்குதாரர்களுக்கு மட்டும் சொந்தமான, அமெரிக்கச் சட்டத்தில் ‘எஸ்’ வகை எனப்படும் நிறுவனம். அவ்வகை நிறுவனத்தின் இலாபத்துக்குப் பங்குதாரர்தான் வருமான வரி கட்ட வேண்டும். அலாஸ்காவிலோ தனிநபர் வருமான வரியே இல்லை. விளைவாக, பிபிக்கு இருந்த மாநில நிறுவன வருமான வரிப் பொறுப்பு புதிய உரிமையாளருக்கு இல்லாமல் போயிற்று. இதைப் பற்றிக் கேட்கும்போது, ‘சட்டப்படி சொல்ல முடியாது’ என்று ஆணையர் கூறினால் அது நேர்மையான பதிலாகவே இருக்கலாம். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறாரா, அல்லது ‘சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் இன்ன வடிவில் தகவல் தருகிறேன்’ என்று ஒரு வழியும் காட்டுகிறாரா என்பதை மூன்றாம் பத்தியில் எழுதுங்கள்.

மூன்றாவதாகப் பங்குத்தொகை. இதில்தான் குரல்கள் உயரும். தொகையைக் கணக்கிடச் சட்டத்தில் ஒரு வாய்பாடு இருக்கிறது. ஆனால் 2016இல் அன்றைய ஆளுநர் பில் வாக்கர் ஒதுக்கீட்டில் ஏறத்தாழப் பாதியை வெட்டினார். பங்குத்தொகையும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்ய வேண்டிய செலவே என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அதன்பின் தொகை அரசியல் பேரத்தில் ஏறி இறங்குகிறது: எரிசக்தி உதவியையும் சேர்த்து 2022இல் 3,284 டாலர், 2023இல் 1,312, 2025இல் 1,000. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பெருக்கிப் பாருங்கள். விறகுக்கும் எரிபொருளுக்கும் நகரத்தைவிடப் பன்மடங்கு செலவிடும் ஒதுக்குப்புறக் கிராமங்களில் அது குளிர்காலத்தைக் கடத்தும் பணம்.

இங்கிருந்து கேள்வி இயல்பாகவே நிதியத்துக்குச் செல்லும். 2018ஆம் ஆண்டுச் சட்டம், நிதியத்தின் சில ஆண்டுச் சராசரி மதிப்பிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் தொகைக்கு வரம்பு வைத்தது. இப்போது அது 5 சதவீதம். அதற்கு மேல் எடுக்கச் சொல்லும் ஆளுநர் ஒருவர் வந்தால், அவரால் நியமிக்கப்பட்ட ஆணையர் அறங்காவலர் நாற்காலியில் அமர்ந்து என்ன சொல்வார்? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 2021 டிசம்பரில் நிதியக் கழகத்தின் தலைமை நிர்வாகி ஏஞ்சலா ரோடெல்லை அறங்காவலர்கள் 5-1 என்ற வாக்கில் நீக்கினார்கள். அவரே முன்பு வருவாய் ஆணையராக இருந்தவர். வரம்பை மீறிப் பணம் எடுப்பதை எதிர்த்ததற்கான அரசியல் பழிவாங்கல் இது என்று அவர் கூறினார்; ஆளுநர் தரப்பு தனக்குப் பங்கில்லை என்று மறுத்தது; சட்டமன்றக் குழு ஒன்று வெளியிலிருந்து வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தி ஆராய்ந்தது. நீக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வாரியத்தில் ஆளுநரின் துறைத் தலைவர்கள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அந்நிகழ்வு எல்லோர் கண்ணிலும் நிறுத்தியது. அதன்பின் வரும் எந்த ஆணையரிடமும் இதைக் கேட்காமல் ஒரு குழு எழுந்துபோனால், அது தன் கடமையில் தவறியது என்றே நான் சொல்வேன்.

படி 6: பொதுமக்களின் குரலைக் கேளுங்கள்

மாநிலம் மிகப் பரந்தது. ஜூனோவுக்குச் சாலை வழியே போக முடியாது, விமானமோ கப்பலோதான் வேண்டும். அதனால் மக்கள் தொலைபேசி வழியாகவே கருத்துச் சொல்கிறார்கள். தலைவர் ஊர்ப்பெயரைச் சொல்லி அழைப்பார், சற்று அமைதி, பிறகு கரகரத்த ஒரு குரல் தன் பெயரைச் சொல்லும். இந்தப் பகுதி சிறியதாக இருந்தாலும் தாவிச் செல்லாதீர்கள்.

படி 7: குழுவின் இறுதி வாக்கியத்தைப் பிழையாகப் படிக்காதீர்கள்

முடிவில் தலைவர் ஒரு வாய்பாட்டு வாக்கியத்தைப் படிப்பார். பெயரைக் கூட்டு அமர்வின் பரிசீலனைக்கு அனுப்புகிறோம், இது எந்த உறுப்பினரும் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கப் போவதைக் குறிக்காது என்பது அதன் சாரம். ‘குழு ஒப்புதல் அளித்தது’ என்று செய்தி எழுதினால் அது தவறு. குழு கேள்வி கேட்டது, பெயரை அனுப்பியது, அவ்வளவே.

படி 8: கூட்டு அமர்வில் 31ஐ எண்ணுங்கள்

கீழவையில் 40 பேர், மேலவையில் 20 பேர், ஆக 60. உறுதி செய்ய 31 வாக்குகள் வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. 55 பேர் வந்து 30 பேர் ஆதரித்து 25 பேர் எதிர்த்தாலும் நியமனம் தோற்றுவிடும். ஆகவே வராதவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமை எதிர்வாக்கின் பலனையே தருகிறது. யாரும் ஆட்சேபிக்காத பெயர்கள் வாக்கெடுப்பின்றியே கடந்துவிடும். யாரேனும் எழுந்து ஆட்சேபித்தால் மட்டும் பெயர்வாரியான வாக்குகள் பதிவாகும்.

படி 9: குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள்

உறுதி செய்யப்பட்டவர் அடுத்த வருவாய் மதிப்பீட்டுடன் சட்டமன்ற நிதிக் குழுவின் முன் மீண்டும் வந்து அமர்வார். அன்று உங்கள் மூன்றாம் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, முன்பு சொல்லாமல் விட்டவற்றில் எவற்றை இப்போது சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள்.