கராத்தேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: உதைக்கும் காலை விடுங்கள், ஊன்றிய காலைப் பாருங்கள்

போன வாரம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மாவாஷி கெரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை, உதைத்துக்கொண்டிருந்தான். வலது கால் தலை உயரத்துக்குப் போனது. கூட நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் அவனுடைய இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தரையில் ஒட்டவைத்த மாதிரி அசையாமல் நின்றது. மேலே இடுப்பு திரும்புகிறது, கீழே பாதம் திரும்பவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கிக்கொண்டது. "நிறுத்துப்பா!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது. கோபம் அவன்மேல் இல்லை என்று அப்புறம் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் வயதில் நான் உதைத்ததும் அப்படியேதான்.

நகம் வெட்டாமல் வருவது, மோதிரத்தோடு பயிற்சி செய்வது, தாமதமாக வருவது, இதெல்லாம் முதல் மாதத்திலேயே சரியாகிவிடும். சீக்கிரம் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஊன்றிய பாதத்தைத் திருப்பாமல் உதைப்பது

முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். முறுக்கினால் கொஞ்சம்தான் தாங்கும். மாவாஷி கெரியில் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சுழல்கிறது. ஊன்றிய பாதமும் கூடவே சுழன்றால் அந்த விசை தரையில் கழிந்துவிடும். பாதம் நின்றுவிட்டால் முழங்கால்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிவது இப்படித்தான். அதன் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் அங்கே கிழிந்தால் தானாக ஆறுவது கடினம்.

கண்ணாடி முன்னால் நின்று தினமும் காலுக்கு 100 உதை என்று எண்ணிக்கொண்டு பழகியவன் நான். கண்ணாடியில் தெரிந்தது மேலே போகும் கால் மட்டும். இரண்டு வருடம் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வருடம் ஒரு நாள் இடது முட்டிக்குள் 'சடக்' என்றது. மறுநாள் காலையில் முட்டி வீங்கி, மடக்க முடியாமல் இருந்தது. இன்றைக்கும் வகுப்பு முடிந்து எல்லோரும் செய்சாவில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல், அமரும்போது என் இடது குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும்.

அதைவிட எனக்கு வலிக்கும் விஷயம் வேறு. நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில், மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா தானும் சேர்ந்தார். ஒரே கூடத்தில் 40 பேர். நான் "இச்சி, நி, சான்" (ஒன்று, இரண்டு, மூன்று) என்று வேகமாக எண்ணிக்கொண்டே போனேன். அந்த வேகத்தில் பாதத்தைத் திருப்ப யாருக்கு நேரம் இருக்கும்? அவருடைய முட்டி பிசகியது. எட்டு மாதம் அவர் வரவில்லை. அம்மா வராததால் மகளும் நின்றுவிட்டாள். அம்மா திரும்பி வந்து இன்றைக்கும் கட்டா (வரிசைப்படி அமைந்த அசைவுத் தொகுப்பு) பழகுகிறார். மகள் வரவே இல்லை. அது என்னுடைய தவறு. அவசரமாக எண்ணும் இளம் பயிற்றுநர்களைப் பார்த்தால் இன்னமும் எனக்குப் பொறுக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன? சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஊன்றிய காலில் எடை முன்பாதத்துக்கு வரட்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். முட்டியைத் தூக்கும்போதே ஊன்றிய பாதத்தைத் திருப்புங்கள். குதிகால் இலக்கின் பக்கம் வர வேண்டும். அப்புறம்தான் உதை. உதைத்த காலை மடக்கி வைத்தபடியே கீழே குனிந்து ஊன்றிய பாதத்தின் விரல்கள் எந்தப் பக்கம் காட்டுகின்றன என்று பாருங்கள். இன்னும் இலக்கையே காட்டினால் உதை தப்பு, எவ்வளவு உயரம் போயிருந்தாலும் சரி. பாதம் தானாகத் திரும்பப் பழகும்வரை இடுப்பு உயரத்தைத் தாண்டாதீர்கள்.

ரப்பர் விரிப்பில் பழகுபவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். மரத்தரையில் வழுக்கித் திரும்பும் பாதம் விரிப்பில் பிடித்துக்கொள்ளும், வியர்வை பட்டால் இன்னும் மோசம்.

முன்கால் முட்டி உள்ளே சாய்வது

முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குட்சு டாச்சியில் முட்டியும் பாதமும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.

காற்றில் குத்தும்போது முழங்கையை முழுவதும் பூட்டுவது

பூட்டாதீர்கள்.

அடுத்த கட்டாவுக்கு அவசரப்படுவது

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒகினாவா ஆசான் இத்தோசு ஆன்கோ வகுத்த பினான் கட்டாக்கள் ஐந்து. ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் இவற்றையே ஹெய்யான் என்கிறோம். ஐந்தையும் ஆறே மாதத்தில் 'முடித்துவிட்டேன்' என்று வருபவர்கள் உண்டு. முதல் கட்டாவில் திரும்பும் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்கே யார் தாக்குகிறார்? எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேட்பேன். பதில் வராது. டெக்கி என்ற கட்டாக்கள் மூன்றைக் கற்கப் பத்து வருடம் ஆனதாக ஷோட்டோகானின் ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் எழுதியிருக்கிறார். இதே கட்டாக்களைத்தான் நம் பிள்ளைகள் கிரேடிங்குக்கு (பெல்ட் தேர்வுக்கு) முந்தின இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

கருப்பு பெல்ட்டை முடிவு என்று நினைப்பது

இந்தத் தர வரிசை கராத்தேக்குள் பிறந்ததே இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அங்கே கொண்டுவந்த முறை அது. 1924-ல் ஃபுனாகோஷி தன் மாணவர்கள் சிலருக்கு முதல்முறையாகக் கருப்பு பெல்ட் கொடுத்தார். அந்தத் தரத்தின் பெயர் ஷோடான். 'ஷோ' என்றால் தொடக்கம்.

குமித்தேயில் மூச்சை அடக்குவது

குமித்தே என்றால் எதிராளியோடு மோதும் பயிற்சி. அடிக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். அடக்கினால் ஒன்றரை நிமிடத்தில் கை தூக்க வராது.

வலியை மறைப்பது

பெரியவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை 50 உதைக்கிறதே, நாம் எப்படி நிறுத்துவது என்ற கூச்சம். முட்டியில் சத்தம் கேட்டாலோ, படி இறங்கும்போது குத்தினாலோ, வணக்கம் வைத்து வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்து சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு உதை கிடையாது. கைப் பயிற்சி தருகிறேன், கட்டாவை மெதுவாக நடந்து பாருங்கள். அந்த அம்மா இன்றைக்கும் அப்படித்தான் வந்து சொல்கிறார்.