ஒரு ஊரின் தாய்சேய் நலத்தைப் பதிவேட்டிலிருந்து படிப்பது எப்படி?

18 வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது: சதவீதத்தில் தொடங்காதீர்கள், பெயர்களில் தொடங்குங்கள்.

ஒரு நீள நோட்டில் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பதிவு எண்) வாரியாக ஒவ்வொரு கர்ப்பிணியையும் எழுதுங்கள். எத்தனையாவது வாரத்தில் பதிந்தார், ஹீமோகுளோபின் எவ்வளவு, குழந்தையின் எடை என்ன. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எடையில் கவனம் வேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைந்தால்தான் எடை குறைவு. ஆனால் வரிசையாக 2.5, 2.5 என்றே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். யாரோ தோராயமாக எழுதியிருக்கிறார்கள். நேரில் போய்த் தாய் அட்டையைப் பாருங்கள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை விட்டுவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். போன் போட்டு விசாரியுங்கள். வெளியூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், சிசு மரண விகிதம், அதாவது உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. வருடத்துக்கு 80 பிரசவம் நடக்கும் இடத்தில் ஒரு குழந்தை இறந்தாலே ஆயிரத்துக்கு 12.5 ஆகிவிடும், இரண்டு என்றால் 25. அதை வைத்து ஊர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு இறப்புக்கும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போது காய்ச்சல் வந்தது, வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது?